தாயின் நெஞ்சுக்கும் நோய் உண்டு

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்குப் புறமாக அமைந்த சிற்றூர். பௌர்ணமி தோறும் எங்கள் வாசல் வழியே இலட்சக் கணக்கானோர் நடந்து செல்வர். அவர்களில் பெண்கள் எத்தனை எத்தனை பேர்! கணவனுக்காக, பிள்ளைக்காக, பேரக் குழந்தைக்காகக் கால் கொப்புளிக்க நடக்கிறார்கள். தம் உடல் நலத்துக்காக நடக்கும் தாய் எவரேனும் உண்டா? இந்த ஐயம் என் உள்ளத்தில் எழக் காரணமான நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன்.

என் பெரியம்மா கோயிலருகே பூ விற்பவர். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில் பெரியப்பாவுக்கு நெஞ்சு எரிந்தது. தெருவே திரண்டது, கார் வந்தது, நகரத்து மருத்துவமனையில் இதயத் துடிப்பைப் படம் எடுத்தார்கள். வெறும் வாய்வு என்று தெரிந்து சிரித்தபடி திரும்பினோம்.

மறு ஆண்டு பெரியம்மாவுக்கு முதுகும் தாடையும் வலித்தன. வியர்த்தது, குமட்டியது. "ஒண்ணும் இல்ல கண்ணு, வாய்வு புடிச்சிருக்கு" என்றார். ஓமத் தண்ணீர் கொடுத்தோம். அருகில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவரும் வாய்வு என்றே ஊசி போட்டனுப்பினார். மூன்றாம் நாள் மயங்கி விழுந்த பிறகே மாரடைப்பு என்று அறிந்தோம். உயிர் பிழைத்தது, ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி செத்துவிட்டது. இன்று பூக்கூடையைத் தூக்கவும் அவரால் இயலவில்லை.

ஆணின் வாய்வு மாரடைப்பாகவும், பெண்ணின் மாரடைப்பு வாய்வாகவும் தோன்றிய விந்தையை என்னென்பது! குற்றம் மருத்துவர் ஒருவருடையது மட்டுமா? ஓமத் தண்ணீர் கொடுத்த கைகளுள் என் கையும் ஒன்றன்றோ?

"மாரடைப்பு ஆண்களின் நோய்தானே?" என்று நண்பர்கள் கேட்கக் கூடும். அதில் ஓரளவு உண்மை உண்டு. மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு இந்நோய் குறைவு. ஆண்களைவிடச் சில ஆண்டுகள் பிந்தியே வருகிறது. ஆனால் பிந்தி வருவது வாராமல் இருப்பதாகுமா? உலகில் இறக்கும் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இதய, இரத்தக் குழாய் நோய்களால்தான் இறக்கிறார். நெஞ்சு வலியே பெண்களுக்கும் முதன்மையான அறிகுறி. எனினும் மூச்சுத் திணறல், குமட்டல், முதுகு வலி, தாடை வலி, காரணமற்ற களைப்பு ஆகியவையும் சேர்ந்து வருவது அவர்களிடம் மிகுதி. அவற்றைச் சமையலறைச் சோர்வென்று தள்ளிவிடுகிறோம்.

அறிவியல் உலகமும் இத்தவற்றுக்கு விலக்கன்று. மாரடைப்பை ஆஸ்பிரின் தடுக்குமா என்று அமெரிக்காவில் 22,071 மருத்துவர்களிடம் ஆய்ந்து 1989இல் முடிவு வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவர் கூடப் பெண் இல்லை! பெண்களிடம் தனியே ஆய்ந்த முடிவு 2005இல்தான் வந்தது. நலமாயிருந்த ஆண்களுக்கு முதல் மாரடைப்பைக் குறைத்த அம்மாத்திரை, பெண்களுக்கு அவ்வாறு குறைக்கவில்லை என்று அது காட்டியது. ஆணை அளந்து பெண்ணுக்குச் சட்டை தைத்தால் பொருந்துமா?

நம் நாட்டிலோ வழிகாட்டி முன்னரே தோன்றினார். பர்மாவில் 1917இல் பிறந்து, போர்க்காலத்தில் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த டாக்டர் எஸ். பத்மாவதி, இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர். நுரையீரல் கெட்டு அதனால் இதயமும் கெடும் நோய் பெண்களிடம் மிகுதியாயிருப்பதை அவர் 1950களில் டில்லியில் கண்டார். அடுப்புப் புகையை அதற்குக் காரணமாகச் சுட்டினார். நோயாளியின் நெஞ்சை மட்டுமன்றி அவள் வாழ்க்கையையும் நோக்கிய கண் அது!

வசதிகள் இல்லாமலில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலில் மருந்து தருகிறது. மாரடைப்புக்கு உடனே தர வேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க 2023இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. ஆனால் "எனக்கென்ன" என்று தாய் படுத்துக்கொண்டால், "அம்மாவுக்கென்ன" என்று நாமும் இருந்துவிட்டால், எத்திட்டம் என்ன செய்யும்?

ஆகவே மாணவ நண்பர்களே, நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுவதோடு தாய்மார்களின் இரத்த அழுத்தத்தை அளக்கவும் ஏற்பாடு செய்வோம். பேராசிரியப் பெருமக்கள் துணை நிற்க வேண்டுகிறேன். கருவுற்றிருந்தபோது இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்ததா என்று நம் அன்னையரைக் கேட்போம். இருந்திருந்தால் பின்னாளில் இதய நோய்க்கு வாய்ப்பு அதிகம். முதுகோ தாடையோ நெஞ்சோ வலித்து வியர்த்தால், ஓமத் தண்ணீரைத் தேடாமல் 108ஐ அழைப்போம். தந்தைக்காகக் கூடும் தெரு தாய்க்காகவும் கூடட்டும்!