இங்கிலீஷ் பேசத் தெரியும், சொல்லித்தரத் தெரியாது

மூணாவது வருஷம் முடியுற வரைக்கும் எனக்குள்ள ஒரு நம்பிக்கை இருந்தது. எந்தக் கம்பெனியும் எடுக்கலன்னா பரவாயில்ல, இங்கிலீஷ் வாத்தியாரா போய்க்கலாம். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். சினிமாவை சப்டைட்டில் இல்லாம பார்ப்பேன். இதுக்கு மேல என்ன வேணும்?

உங்கள்ல பாதிப் பேருக்காவது இந்த நினைப்பு இருக்கும்னு தெரியும். ஃபர்ஸ்ட் இயர்ல ப்ரொஃபஷனல் இங்கிலீஷ் பீரியடை நாம எவ்வளவு மதிச்சோம்னு யோசிச்சுப் பாருங்க. இங்கிலீஷ் மேடம் வந்தா ரெக்கார்டு நோட் எழுதுற நேரம். "இங்கிலீஷ்ல சொல்லிக்கொடுக்க என்ன இருக்கு?"ன்னு சிரிச்சவர்கள்ல நானும் ஒருத்தன்.

அந்தச் சிரிப்பு ரெண்டு இடத்துல நின்னுபோச்சு. ஒண்ணு ஹாஸ்டல் ரூம். இன்னொண்ணு அட்டுவம்பட்டி.

ஹாஸ்டல் கதையை முதல்ல சொல்லிடறேன். என் ரூம்மேட் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். சிக்னல்ஸ் அரியரை நான் க்ளியர் பண்ணினதே அவன் சொல்லிக்கொடுத்துதான். இந்த செமஸ்டர்ல ஒரு கம்பெனி வந்தது. ஆப்டிட்யூட், கோடிங் ரெண்டுலயும் அவன் எனக்கு மேல. குரூப் டிஸ்கஷன்ல அவன் வெளியே, நான் உள்ளே. அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு வந்ததும் கேட்டான்: "டேய், எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுடா."

சரின்னேன். நாலு நாள் நடந்தது. அவன் பேசுவான், தப்பு வந்ததும் நான் நிறுத்தித் திருத்துவேன். மறுபடி பேசுவான், மறுபடி நிறுத்துவேன். அஞ்சாவது நாள் "தலைவலிக்குதுடா"ன்னு படுத்துட்டான். அதுக்கப்புறம் அவன் கேட்கல.

டிசம்பர் லீவுல பெரியம்மா ஒரு பார்சலைக் கையில கொடுத்து என்னை அட்டுவம்பட்டிக்கு அனுப்பினாங்க. பெரியப்பா பொண்ணு, எனக்கு அக்கா, அங்கே ஒரு ரூம் எடுத்துத் தங்கி நெட் எக்ஸாமுக்குப் படிச்சுக்கிட்டிருந்தாள். கொடைக்கானலுக்கு டூர் போறவங்க யாரும் தேடிப் போற ஊர் இல்ல அது. ஆனா இங்கிலீஷ் உட்பட எந்தப் பாடத்துலயும் காலேஜ் வாத்தியார் ஆகணும்னு நினைச்சவங்களுக்கு ஒரு காலத்துல பழக்கமான பேர். 1984-ல தொடங்கின அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கு. உதவிப் பேராசிரியர் வேலைக்கான மாநிலத் தகுதித் தேர்வு, அதாவது செட், 2016, 2017, 2018-னு மூணு தடவை இந்தப் பல்கலைக்கழகம் நடத்தினது. அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல செட் நடந்தது 2025 மார்ச்லதான். நடுவுல ஏழு வருஷம்.

அக்கா எம்.ஏ. இங்கிலீஷ் முடிச்சது சரியா அந்த ஏழு வருஷத்துக்குள்ள. "செட் நடத்தின யுனிவர்சிட்டியிலயே படிச்சேன். நான் படிச்சு முடிச்சப்போ செட்டே இல்ல"ன்னு சொல்லிச் சிரிப்பாள். 2025 மார்ச்ல எழுதினாள், கட் ஆஃப் தொடல. நெட் மூணு தடவை எழுதியாச்சு. வீட்ல இப்போ மாப்பிள்ளை ஜாதகம் பார்க்கிறாங்க.

இந்த எக்ஸாம் எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ரெண்டு தாள், மூணு மணி நேரம். முதல் தாள் எல்லாருக்கும் பொது, 50 கேள்வி. ரெண்டாவது தாள் அவங்கவங்க பாடம், 100 கேள்வி. கேள்விக்கு ரெண்டு மார்க், மொத்தம் 300. நெகட்டிவ் மார்க் கிடையாது. ஆனா குறைந்தபட்ச மார்க் வாங்கினா மட்டும் போதாது. எக்ஸாம் எழுதினவங்கள்ல 6 சதவீதம் பேரைத்தான் தகுதின்னு சொல்வாங்க. நூறு பேர் உட்கார்ற ஹால்ல ஆறு பேர்.

முதல் நாள் சாயங்காலம், மேல கம்பளி போர்த்திக்கிட்டு, "எனக்கு ஒரு பழைய க்வஸ்டின் பேப்பர் குடு, நான் எழுதிப் பார்க்கிறேன்"ன்னேன். இங்கிலீஷ் தாள்தானே! அக்கா ஒண்ணும் சொல்லாம எடுத்துக் கொடுத்தாள். நூத்துக்கு என் ஸ்கோர் 27. நாலு ஆப்ஷன் இருக்கிற பேப்பர்ல கண்ணை மூடிக்கிட்டு அடிச்சாலே 25 பக்கத்துல வரும்னு ப்ராபபிலிட்டி படிச்ச உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

நாலு விமர்சகர்கள் பேர் இருக்கும், அவங்க கட்டுரைகளை வெளிவந்த வருஷப்படி அடுக்கணும். இந்தப் பக்கம் நாவல், அந்தப் பக்கம் கதாபாத்திரம், பொருத்தணும். பாடத்திட்டத்துல மொத்தம் பத்து யூனிட். நாடகம், கவிதை, நாவல்-சிறுகதை, உரைநடை, மொழி, இந்தியாவில் ஆங்கிலம், பண்பாட்டு ஆய்வு, இலக்கிய விமர்சனம், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகான கோட்பாடு, ஆராய்ச்சி முறை. இங்கிலீஷை எப்படிச் சொல்லித்தர்றதுங்கிற விஷயம் அந்த அஞ்சாவது யூனிட்ல, மொழி பத்தின மத்த விஷயங்களோட ஒரு மூலையில உட்கார்ந்திருக்கு.

மறுநாள் சாயங்காலம்தான் எனக்கு நிஜமான பாடம். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க ஏழெட்டுப் பேர் அக்காகிட்ட டியூஷன் வருவாங்க. எல்லாரும் தோட்ட வேலைக்குப் போறவங்க பிள்ளைங்க. "இன்னைக்கு நீ எடு"ன்னு அக்கா என்னைத் தள்ளிவிட்டாள். ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு எழுந்து நின்னு சொன்னாள்: "ஐ ஆம் கோ டு ஸ்கூல்."

"தப்பு. ஐ கோ டு ஸ்கூல்"ன்னேன்.

"அப்போ 'ஆம்' எப்போ போடணும்ணா?"

"ஐ ஆம் கோயிங்னா போடணும்."

"எப்போ 'கோ', எப்போ 'கோயிங்'?"

நான் யோசிச்சேன். நிஜமாவே யோசிச்சேன். எனக்குள்ள இருந்து வந்த பதில்: "அது... கேட்டாலே தெரியும்."

அந்தப் பொண்ணு தலையாட்டிட்டு உட்கார்ந்துட்டாள். என் ரூம்மேட் படுத்துக்கிட்டப்போ அவன் முகம் இருந்த மாதிரியே இருந்தது.

அக்கா அவளைப் பக்கத்துல கூப்பிட்டாள். "'நான்'னு சொல்றதுக்கு இங்கிலீஷ்ல என்ன?" பொண்ணு உடனே சொன்னாள்: "ஐ ஆம்." எனக்கு அப்போதான் புரிஞ்சது. நாம குழந்தைங்களுக்கு முதல்ல சொல்லித்தர்ற வாக்கியமே "ஐ ஆம் இன்னார்"தான். அதனால அவள் கணக்குல 'ஐ ஆம்'ங்கிறது ஒரே வார்த்தை, அதுக்கு அர்த்தம் 'நான்'. அவள் கவனக்குறைவா தப்பு பண்ணல. ஒரு விதியைப் பிடிச்சுக்கிட்டு ஒழுங்காத்தான் போயிருக்கிறாள்.

அப்புறம் அக்கா கேட்டாள்: "தினமும் ஸ்கூலுக்கு என்ன பண்ணுவே?" "போவேன்." "இப்போ ரோட்ல நடந்துக்கிட்டிருக்கும்போது உங்கம்மா போன் பண்ணினா என்ன சொல்வே?" "போய்க்கிட்டு இருக்கேன்." "அதுல 'இருக்கேன்' இருக்குல்ல? அதுதான் 'ஆம்'. 'போய்க்கிட்டு'தான் 'கோயிங்'. வெறும் 'போவேன்'ல 'இருக்கேன்' இருக்கா?" "இல்ல." "அப்போ 'ஆம்' வருமா?" பொண்ணு சிரிச்சுட்டாள். அடுத்த பத்து நிமிஷம் அந்தப் பிள்ளைங்க எல்லாம் அவங்கவங்க அப்பா அம்மா தினமும் என்ன பண்ணுவாங்க, இப்போ என்ன பண்ணிக்கிட்டு இருக்காங்கன்னு இங்கிலீஷ்ல கத்திக்கிட்டிருந்தாங்க.

இந்த விதி எல்லா இடத்துக்கும் ஒத்து வராதுன்னு அக்காவே அப்புறம் சொன்னாள். ஆனா அந்தப் பொண்ணுக்கு அந்தச் சாயங்காலம் அது தேவைப்பட்டது.

ராத்திரி கேட்டேன், இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டேன்னு. அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். கார்டர்னு ஒரு பிரிட்டிஷ்காரர், மாணவர்களோட தப்புகளுக்கும் ஒரு அர்த்தம் இருக்குன்னு 1967-ல ஒரு கட்டுரை எழுதினார். தப்புங்கிறது அந்தப் பிள்ளை எந்த இடத்துல நிக்கிறான்னு வாத்தியாருக்குக் காட்டுது. அதுக்குக் கீழேயே இன்னொரு பேர், என்.எஸ். பிரபு. பிரிட்டிஷ் கவுன்சிலோட சென்னை அலுவலகத்துல இருந்தவர். 1979-லிருந்து 1984 வரைக்கும் பெங்களூர், சென்னை, கடலூர்னு நம்ம ஊர்ப் பள்ளிக்கூடங்கள்ல ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கணத்தை நேரடியா நடத்தாம, ரயில் டைம்டேபிள், மேப் மாதிரி விஷயங்களைக் கொடுத்து இங்கிலீஷ்ல கணக்குப் போட வைக்கிறது. உலகம் முழுக்க மொழி வாத்தியார்கள் இன்னைக்கும் அதை 'பெங்களூர் ப்ராஜெக்ட்'னு பேசுறாங்க.

ஆனா எக்ஸாமுக்கு இது எப்படித் தேவைப்படும்? பேர், வருஷம், புத்தகம். பிரபு பக்கத்துல அக்கா எழுதி வச்சிருந்ததும் அதுதான். ஒரு வகுப்புல அந்த ரயில் டைம்டேபிளை வச்சுப் பாடம் எடுக்கத் தெரியுமான்னு யாரும் அவளைக் கேட்கப் போறதில்ல.

என் கருத்து இதுதான். இங்கிலீஷ் பேசத் தெரியறது ஒண்ணு. இங்கிலீஷ் இலக்கியம் தெரியறது இன்னொண்ணு. இங்கிலீஷ் சொல்லித்தரத் தெரியறது மூணாவது. நாம காலேஜ்ல முதலாவதை மட்டும் மதிக்கிறோம். தகுதித் தேர்வு ரெண்டாவதை அளக்குது. நமக்குத் தேவைப்படுற மூணாவதை அளக்க ஆளே இல்ல.

ஸ்கூல் வாத்தியாருக்காவது ரெண்டு வருஷ பி.எட். இருக்கு, அதுக்குள்ள வாரக்கணக்குல பள்ளியில போய்ப் பாடம் எடுக்கணும். ஆனா அங்கேயும் டெட் ரெண்டாம் தாளைப் பாருங்க. 150 மார்க்ல குழந்தை மேம்பாடு 30, தமிழ் மாதிரி முதல் மொழி 30, இங்கிலீஷ் 30. மிச்சம் 60 மார்க் கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல். இங்கிலீஷ் வாத்தியாருக்குன்னு தனிப் பகுதி இல்ல. இங்கிலீஷ் படிச்சவங்க பெரும்பாலும் சமூக அறிவியலை எடுத்துத்தான் எழுதறாங்க. காலேஜ் வாத்தியாருக்கு பி.எட்.டும் வேண்டாம். எம்.ஏ.வும் நெட்டோ செட்டோ இருந்தா நேரா நம்ம ஃபர்ஸ்ட் இயர் கிளாஸ், எதிர்ல அறுபது பேர். அதுல பாதி தமிழ் மீடியம், பாதி என்னை மாதிரி சிரிக்கிற கூட்டம்.

வெளியே எப்படின்னு பார்த்தேன். பெரியவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர்றவங்களுக்காக கேம்பிரிட்ஜ் நடத்துற செல்ட்டான்னு ஒரு படிப்பு. குறைந்தது 120 மணி நேரம். அதுல ஆறு மணி நேரம் நிஜமான மாணவர்கள் முன்னாடி பாடம் எடுக்கணும், பின்னாடி ஒருத்தர் உட்கார்ந்து கவனிப்பார். நாலு அசைன்மென்ட். கடைசியில பரீட்சையே கிடையாது. அதோட ஃபீஸ் நம்ம வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது, அது வேற விஷயம்.

இதை அக்காகிட்ட ரொம்ப உற்சாகமா சொன்னேன். "எக்ஸாமைத் தூக்கிட்டு டெமோ கிளாஸ் வச்சு மார்க் போடணும்க்கா. நீயெல்லாம் ஈஸியா வந்துடுவே."

அவள் சிரிக்கல. "டேய், டெமோவுக்கு மார்க் போடறவன் யாரு? அவனுக்கு யார்கிட்டயிருந்து போன் வரும்? அந்த கம்ப்யூட்டருக்கு எங்கப்பா யாருன்னு தெரியாது, என்ன ஜாதின்னு தெரியாது, என் இங்கிலீஷ்ல எந்த ஊர் வாடை அடிக்குதுன்னும் தெரியாது. எனக்கு அது போதும்."

எனக்குப் பதில் இல்ல. இப்பவும் முழுசா இல்ல. ஊரெல்லாம் திட்டுற இந்த ஆப்ஷன் எக்ஸாம்தான் சிபாரிசு இல்லாதவங்களுக்கு இருக்கிற ஒரே கதவு. அதை உடைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்ல.

ஆனா கதவை வச்சுக்கிட்டே ரெண்டு விஷயம் பண்ணலாம். ஒண்ணு, கேள்வியை மாத்தலாம். ஒரு மாணவன் எழுதின அஞ்சு வரியைக் கொடுத்து, இதுல எந்தத் தப்பை முதல்ல எடுப்பே, அந்தத் தப்பு எதனால வந்திருக்கும்னு நாலு ஆப்ஷன் கொடுக்கலாம். அதையும் கம்ப்யூட்டரே திருத்தும். சொல்லித்தர்றதுக்குன்னு பத்துல ஒரு முழு யூனிட் ஒதுக்கலாம். ரெண்டு, தேர்வான பிறகு, கிளாஸுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, சில வாரம் நிஜ வகுப்புல ஒரு சீனியர் பின்னாடி உட்கார்ந்து கவனிக்கட்டும். அதுக்கு மார்க் வேண்டாம், ரேங்க் வேண்டாம். மார்க் இல்லன்னா போன் வர்றதுக்குக் காரணமும் இல்ல. இதைச் சொன்னப்போ அக்கா கொஞ்சம் யோசிச்சு, "அது இருந்தா நானே முதல் ஆளா போவேன்"ன்னாள்.

நம்ம பக்கமும் ஒண்ணு இருக்கு. அடுத்த தடவை இங்கிலீஷ் பீரியட்ல ரெக்கார்டு எழுத நோட்டை எடுக்கும்போது, முன்னாடி நிக்கிறவங்க நூத்துக்கு ஆறு பேர் தாண்டுற ஒரு வடிகட்டியைத் தாண்டி வந்திருக்கலாம்னு நினைச்சுக்கோங்க. இன்னொண்ணும், கடைசி பெஞ்சுல வாயே திறக்காத ஒருத்தன் அவங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கான். நாம சிரிச்சா அவன் இன்னும் இறுக்கி மூடிக்குவான்.

ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்ததும் ரூம்மேட்கிட்ட நானா போய்க் கேட்டேன், மறுபடி ஆரம்பிக்கலாமாடான்னு. அவன் எனக்கு சிக்னல்ஸ் சொல்லிக்கொடுத்தப்போ முதல்ல என்ன பண்ணினான்னு யோசிச்சுப் பார்த்தேன். நான் எங்கே முட்டிக்கிட்டு நிக்கிறேன்னு கண்டுபிடிக்க ரெண்டு நாள் என்னையே பேச விட்டான். அதையே இப்போ நான் பண்றேன். ராத்திரி அரை மணி நேரம் அவன் பேசுவான். நான் நடுவுல வாயைத் திறக்கிறதில்ல, நோட்ல எழுதிக்கறேன். கடைசியில ஒரே ஒரு தப்பை மட்டும் எடுத்து, அது ஏன் வந்ததுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து தேடறோம்.

நேத்து அவன் 'சின்ஸ்', 'ஃபார்' ரெண்டுக்கும் வித்தியாசம் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா "கேட்டாலே தெரியும்"னு சொல்லல. அக்காவுக்கு போன் போட்டோம்.