மீன் தொட்டிச் செடிகளுக்கு ஏற்ற உரம் எது?

அலங்கார மீன் வளர்ப்பு இன்று சிறு விவசாயிகளுக்கும் ஓர் உபதொழிலாகிவிட்டது. சென்னை கொளத்தூர்ச் சந்தைக்கு மீன் குஞ்சுகளை அனுப்புவோர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் உண்டு. மீனோடு சேர்ந்து நீர்ச்செடிகளும் விலை போகின்றன. வேலம்பாசி, நீர்ப்பிரம்மி, கபோம்பா, அமேசான் ஸ்வார்டு, கிரிப்டோகோரின் போன்றவற்றைச் சிமெண்டுத் தொட்டிகளில் வளர்த்துக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். கிணறும், ஓரளவு நிழலும், இரண்டு சென்ட் இடமும் இருந்தால் செய்யக்கூடிய தொழில் இது.

இத்தொழிலில் இறங்கியவர்கள் முதலில் கேட்பது உரத்தைப் பற்றித்தான். கடையில் விற்கும் சிறு பாட்டில் உரத்தை வாங்குவதா, வயலுக்கு வாங்கி வைத்த உரத்திலேயே ஒரு கை அள்ளிப் போடுவதா என்று கேட்கிறார்கள். முதலாவது வழி கைக்காசைக் கரைக்கும். இரண்டாவது வழி மீனைக் கொல்லும். உரத்தில் உள்ள சத்து என்ன, அது எந்த வடிவில் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும் என்பது என் கருத்து.

தொட்டியில் குறைவது எது?

நீருக்குள் வளரும் செடிக்கும், நெல்லுக்கும் வாழைக்கும் தேவைப்படும் சத்துக்கள் ஒன்றேதான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகிய மூன்றும் அதிகம் வேண்டும். சுண்ணாம்பு, மக்னீசியம், கந்தகம் ஓரளவு வேண்டும். இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், போரான், தாமிரம் முதலிய நுண்ணூட்டங்கள் மிகச் சிறிய அளவில் வேண்டும். எந்தச் சத்து மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே வளர்ச்சியின் அளவைத் தீர்மானிக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் லீபிக் பரப்பிய இவ்விதி வயலைப் போலவே தொட்டிக்கும் பொருந்தும்.

மீன் உள்ள தொட்டியில் மீனுக்கு இடும் தீனியும் மீனின் கழிவும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் ஓரளவு தந்துவிடும். நம் பகுதிக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர். ஆகவே சுண்ணாம்புக்கும் மக்னீசியத்துக்கும் அநேகமாகப் பஞ்சமில்லை. எஞ்சி நிற்பவை சாம்பல் சத்தும் இரும்பும்தான். மீன் குறைவாகவும் செடி அடர்த்தியாகவும் உள்ள தொட்டியில் தழைச்சத்தும் சேர்ந்து குறையும். எனவே எல்லாச் சத்தும் கலந்த உரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவது வீண் செலவு.

யூரியா கூடாது

வயலில் நமக்கு நன்கு பழகிய யூரியாவை மீன் உள்ள தொட்டியில் இடவே கூடாது. யூரியா நீரில் சிதைந்து அம்மோனியம் ஆகிறது. கார அமில நிலை கூடக் கூட இந்த அம்மோனியத்தின் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாக மாறி நீரிலேயே கரைந்து நிற்கும். மீனின் செவுளைப் பாதித்து அதைக் கொல்வது இதுதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 50 லிட்டர் நீரில் 1 கிராம் யூரியா இட்டு அது முழுவதும் சிதைந்தால் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் தழைச்சத்து அம்மோனிய வடிவில் சேரும். கார அமில நிலை 7 ஆக இருந்தால் அதில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவே நச்சு வாயுவாக இருக்கும். 8 ஆக இருந்தால் நூற்றுக்கு 5 பங்கு ஆகிவிடும். 8.5 ஆனால் சுமார் 15 பங்கு. இவை 25 டிகிரி வெப்பத்தில் உள்ள அளவுகள். கோடையில் நீர் சூடேறினால் இன்னும் கூடும். லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் அளவே மீனுக்குத் தீங்கு செய்யத் தொடங்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் ஆபத்து விளங்கும். ஒரு தொட்டியில் பிழைத்த மீன் பக்கத்து ஊர்த் தொட்டியில் செத்து மிதப்பதற்குப் பல நேரங்களில் காரணம் நீரின் இந்த வேறுபாடே.

இதே காரணத்தால் டி.ஏ.பி., அம்மோனியம் சல்பேட் ஆகியவையும் வேண்டாம். 19:19:19 என்ற கரையும் உரத்தில் தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியாவாகவும் அம்மோனியாவாகவும் இருக்கிறது. மணிச்சத்தோ தேவைக்கு மேல் இருக்கிறது. மீன் உள்ள தொட்டிக்கு அதுவும் ஆகாது. சூப்பர் பாஸ்பேட்டில் ஜிப்சம் கலந்திருப்பதால் முழுவதும் கரையாமல் அடியில் தங்கும். பச்சைச் சாணம் நீரில் அழுகும்போது பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன் குளத்துக்குச் சாணம் இடுகிறோமே என்று கேட்கலாம். குளத்தின் பரப்பும் காற்றோட்டமும் கண்ணாடித் தொட்டிக்கு இல்லை.

பயிருக்குத் தெளிக்கும் நுண்ணூட்டக் கலவைகளிலும் எச்சரிக்கை தேவை. அவற்றில் பல, தாமிரமும் துத்தநாகமும் மிகுந்தவை. தாமிரம் சற்றுக் கூடினாலும் இறாலும் நத்தையும் முதலில் சாகும். பிறகு மீனும் பாதிக்கப்படும்.

ஏற்ற உரங்கள்

சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் இலைவழித் தெளிப்புக்கும் உரக்கடையில் கிடைக்கும் முழுவதும் கரையும் உரங்களில் மூன்று நான்கு நமக்குப் போதும்.

முதலாவது பொட்டாசியம் நைட்ரேட், அதாவது 13:0:45. இதில் தழைச்சத்து நைட்ரேட் வடிவில் இருப்பதால் அம்மோனியா ஆபத்து இல்லை. சாம்பல் சத்தும் கூடவே கிடைக்கிறது. இரண்டாவது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், அதாவது 0:52:34. மணிச்சத்துக்கு இது ஏற்றது. மிகச் சிறிய அளவே வேண்டும். மூன்றாவது சல்பேட் ஆப் பொட்டாஷ், அதாவது 0:0:50. தழைச்சத்து வேண்டாத இடத்தில் சாம்பல் சத்தை மட்டும் தர இது உதவும். மியூரியேட் ஆப் பொட்டாஷ் விலை குறைவுதான். ஆனால் உவர்ப்பான கிணற்று நீரில் குளோரைடை மேலும் கூட்டும் என்பதால் நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

நான்காவது இரும்பு. அன்னபேதி உப்பைக் கடின நீரில் போட்டால் விரைவில் துருவாகிப் படிந்துவிடும், செடிக்கு எட்டாது. ஆகவே செலேட் வடிவ இரும்பே வேண்டும். உரக்கடையில் எளிதாகக் கிடைப்பது 12 சதவீத இரும்பு உள்ள இ.டி.டி.ஏ. செலேட். கார அமில நிலை 7க்கு மேல் போகப் போக இதன் பிடிப்பு தளரும் என்பதால் சிறுகச் சிறுக அடிக்கடி இடுவது நல்லது. டி.டி.பி.ஏ. செலேட் கிடைத்தால் 7.5 வரை தாங்கும்.

கலக்கும் முறையும் அளவும்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில், கல்லும் மேல் இடைவெளியும் போகச் சுமார் 50 லிட்டர் நீர் நிற்கும். இந்த அளவை அடிப்படையாகக் கொள்ளலாம்.

அரை லிட்டர் நல்ல நீரில் 25 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டையும் 2.5 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டையும் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்துக் கொள்ள வேண்டும். மற்றொரு பாட்டிலில் அரை லிட்டர் நீருக்கு 2 கிராம் இரும்பு செலேட்டைக் கரைத்து வெயில் படாமல் வைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிந்துவிடும்.

50 லிட்டர் நீருக்கு வாரம் ஒரு முறை முதல் பாட்டிலிலிருந்து 10 மில்லி ஊற்றினால், லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம் நைட்ரேட்டும், 4 மில்லிகிராம் பொட்டாசியமும், 0.7 மில்லிகிராம் பாஸ்பேட்டும் சேரும். இரண்டு நாள் கழித்து இரண்டாவது பாட்டிலிலிருந்து 10 மில்லி ஊற்றினால் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இரும்பு சேரும். நடுத்தர வெளிச்சமுள்ள தொட்டிக்கு இது போதும். வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றிவிட்டுப் பிறகு உரமிட்டால் சத்து அளவுக்கு மீறித் தேங்காது. மாற்றிய நீரைச் சாக்கடையில் விடாமல் காய்கறிப் பாத்திக்குப் பாய்ச்சுங்கள்.

இந்த அளவில் ஒரு தொட்டிக்கு வாரம் அரை கிராம் பொட்டாசியம் நைட்ரேட்தான் செலவாகும். ஒரு கிலோ பை 2,000 தடவைக்கு வரும். பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கே ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்குப் போதும். சிறு பாட்டிலுக்குக் கொடுக்கும் விலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறேன். பொட்டாசியம் நைட்ரேட் தீயைத் தூண்டக்கூடியது. அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் ஈரம் புகாமல் மூடி வைக்க வேண்டும்.

முதலில் நீரைச் சோதியுங்கள்

மண்ணைப் பரிசோதிக்காமல் உரமிடாதீர்கள் என்று வயலுக்குச் சொல்வதை இங்கே நீருக்குச் சொல்ல வேண்டும். உரம் மிகுதியாக இடப்படும் பகுதிகளில் கிணற்று நீரிலேயே நைட்ரேட் கலந்திருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதில் பாதி அளவு கிணற்று நீரில் இருந்தாலே தொட்டிக்குத் தனியாகத் தழைச்சத்து தேவையில்லை. அங்கே பொட்டாசியம் நைட்ரேட்டுக்குப் பதிலாக அதே எடை சல்பேட் ஆப் பொட்டாஷ் இட்டால் போதும். கார அமில நிலையையும் உப்பின் அளவையும் மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்துக் கொள்ளலாம். நைட்ரேட்டைச் சோதிக்கும் சிறு பெட்டி அலங்கார மீன் கடைகளில் கிடைக்கிறது.

இலை காட்டும் குறி

கரும்பு மறுதாம்பில் இளங்குருத்து வெளுத்தால் இரும்புக் குறை என்று நமக்குத் தெரியும். நீர்ச்செடியிலும் புதிய இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதே குறைதான். அடியிலைகளில் குண்டூசி முனை அளவு துளைகள் விழுந்து சுற்றிலும் மஞ்சளானால் சாம்பல் சத்துக் குறை. அடியிலை முழுவதும் மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறை. செடிக்குள் நகரக்கூடிய சத்துக் குறைந்தால் பழைய இலை காட்டும்; நகராத சத்துக் குறைந்தால் புதிய இலை காட்டும். இதைத் தெரிந்து கொண்டால் தேவையான ஒரு சத்தை மட்டும் கூட்டலாம்.

வெளிச்சம் இல்லாமல் உரத்தைக் கூட்டிப் பயனில்லை. நாளைக்கு 8 மணி நேர வெளிச்சம் போதும். செடி எடுத்துக் கொள்ளாத சத்தைப் பாசி எடுத்துக் கொள்ளும். கரியமில வாயு செலுத்தி, கடும் வெளிச்சம் தந்து வளர்ப்பவர்கள் இதைவிட அதிகமாக உரமிடுவார்கள். அவர்களுடைய அளவைச் சாதாரணத் தொட்டிக்குப் பின்பற்ற வேண்டாம்.

மண்ணும் ஓர் உரமே

அமெரிக்காவில் டயானா வால்ஸ்டாட் என்ற அம்மையார் 1999இல் வெளியான தம் நூலில், அடியில் சாதாரணத் தோட்ட மண்ணைப் பரப்பி மேலே பொடிக்கல் மூடிச் செடி வளர்க்கும் முறையை விளக்கினார். வண்டல் மண்ணும் செம்மண்ணும் கைவசம் உள்ள நமக்கு இது எளிது. ஓர் அங்குலம் மண், அதன் மேல் ஓர் அங்குலம் கழுவிய பொடிக்கல் போதும். அண்மையில் உரமோ பூச்சிமருந்தோ இட்ட வயல் மண்ணை எடுக்கக் கூடாது. வேர் மூலம் அதிகம் உண்ணும் அமேசான் ஸ்வார்டு, கிரிப்டோகோரின் ஆகியவற்றுக்குச் செம்மண் களியைச் சுண்டைக்காய் அளவு உருட்டி, உலர்த்தி, வேரடியில் புதைத்தாலும் இரும்பு கிடைக்கும்.

விற்பனைக்கு வளர்ப்போர் இவ்விரு செடிகளையும் நீர்ப்பிரம்மியையும் வேர் மட்டும் சேற்றில் இருக்க, இலை காற்றில் இருக்கும்படி நிழல்வலைக்குள் வளர்க்கலாம். அங்கே மீன் இல்லாததால் லிட்டருக்கு 1 கிராம் 19:19:19 கரைத்து வாரம் ஒரு முறை தெளிக்கலாம். தொட்டிக்குப் போனபின் பழைய இலை அழுகிப் புதிய இலை வரும் என்பதை வாங்குபவருக்குச் சொல்லிவிடுங்கள். வேலம்பாசியும் கபோம்பாவும் நீருக்குள்தான் வளரும். அத்தொட்டிகளில் கொசுப்புழுவைத் தின்னக் கப்பி மீன் விட வேண்டியிருப்பதால் அங்கும் யூரியா கூடாது. கழித்த செடிகளை ஏரியிலும் வாய்க்காலிலும் எறியாமல் எருக்குழியில் போடுங்கள். அழகுச் செடியாக வந்த ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளுக்கு என்ன செய்தது என்பதை நாம் அறிவோம்.

சத்தின் அளவு அச்சிடப்பட வேண்டும்

வயலுக்கு விற்கும் உர மூட்டையில் சத்து எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி. ஆனால் மீன் கடையில் விற்கும் சில பாட்டில்களில் “எல்லாச் சத்தும் அடங்கியது” என்ற வாசகத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தொட்டி வைத்திருப்பவர் சத்தின் அளவு அச்சிட்ட பாட்டிலை வாங்கிப் பயன்படுத்துவதில் தவறில்லை. அளவு அச்சிடாத பாட்டிலை யாரும் வாங்க வேண்டாம். சிறு பாட்டிலானாலும் மூட்டைக்கு உள்ள ஒழுங்கு அதற்கும் வர வேண்டும்.

நீர்ச்செடி வளர்ப்போர் நாலைந்து பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு கிலோ என்று வெவ்வேறு உரங்களை வாங்கிப் பங்கிட்டுக் கொண்டால் செலவு இன்னும் குறையும். ஒரு தராசும், மருந்து அளக்கும் மூடியும், ஒரு குறிப்பேடும் போதும். புதிய உரத்தை முதலில் ஒரு தொட்டியில் பாதி அளவு இட்டு இரண்டு வாரம் பார்த்துவிட்டு, பிறகு மற்றத் தொட்டிகளுக்குக் கொண்டு செல்ல வேண்டும். தீனி வாங்கவும் கடன் அடைக்கவும் மீனை நம்பியிருக்கும் சிறு விவசாயிக்கு ஒரு நாள் தவறு ஒரு பருவத்து நஷ்டம் ஆகிவிடும். அளந்து இடுவதே அதற்குக் காப்பு.