ஜனவரி ஒன்றில் பிறந்த பிள்ளைகள்



போன ஆண்டு மே மாதம் மதுரையில் தம்பி வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். மூன்றாம் நாள் காலை, தம்பி மனைவி பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் எடுக்க வங்கிக்குக் கிளம்பினாள். "சும்மாதானே இருக்கீங்க, கூட வாங்க அண்ணி" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வாசலுக்குப் பக்கத்திலேயே பாஸ்புக் பதியும் இயந்திரம். புத்தகத்தை உள்ளே விட்டாள். கர்ரு கர்ரென்று அடித்துக்கொண்டே போனது. ஒரு பக்கம் முடிந்து, அடுத்த பக்கத்தைத் திருப்பி வைக்கச் சொன்னது. அதுவும் பாதிக்கு மேல் நிரம்பியது. 

எண்பது. எண்பது. நூற்றறுபது. எண்பது. நானூறு. மறுபடி எண்பது. மார்ச்சிலிருந்து மே வரை இப்படி 41 வரி. அங்கேயே நின்று கூட்டிப் பார்த்தோம், 6,480 ரூபாய்.

வீட்டுக்கு வந்து விசாரித்தபோது, ஏழாம் வகுப்புக்குப் போகவிருந்த மருமகன் வெகுநேரம் தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கேம்ல டைமண்ட் டாப்-அப் பண்ணினேன் அத்தை" என்றான். அம்மா முகத்தையோ அப்பா முகத்தையோ பார்க்கவில்லை.

"பின் நம்பர் உனக்கு எப்படிடா தெரியும்?" என்று தம்பி எகிறினான். பதில் சொன்னது அவன் மனைவி: "நாமதாங்க சொல்லிக் குடுத்தோம்." உண்மைதான். பெட்ரோல் பங்கில், மாவுக் கடையில், பால் பூத்தில், வண்டியை விட்டு இறங்காமலே "ஸ்கேன் பண்ணி அந்த நம்பரைப் போட்டுவிடுடா" என்று சொல்லிச் சொல்லி, இரண்டு வருஷமாக அந்த வீட்டுக் காசாளரே அவன்தான். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரவில்லையா என்றால், வந்திருக்கிறது. அவன் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. அழிக்கவேண்டிய அவசியமே இல்லை. அம்மாவின் போனில் படிக்காத குறுஞ்செய்திகள் மூவாயிரத்துக்கு மேல் கிடந்தன.

சத்தமெல்லாம் அடங்கிய பிறகு, மாலையில் அவனும் நானும் அந்தப் போனோடு திண்ணையில் உட்கார்ந்தோம். விளையாட்டு எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று பார்த்தால், அம்மாவின் கூகுள் கணக்கு. பிறந்த தேதி 1.1.1980. எட்டிப் பார்த்த தம்பி மனைவி, "ஐயோ, எனக்கு நாலு வயசு கூட்டிப் போட்டிருக்கானே!" என்றாள். போன் வாங்கிய அன்று கடையில் கணக்குத் திறந்து கொடுத்த பையன் போட்டது அது. வரிசையில் நாலு பேர் நிற்கும்போது அவன் எங்கே கேட்டு எழுதப்போகிறான்?

எங்கள் காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது, வாத்தியார் தன் மனசில் பட்ட ஒரு ஜூன் மாதத் தேதியை எழுதிக்கொள்வார். அந்தப் பிறந்தநாளை வைத்துத்தான் பலர் வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றார்கள். இப்போது அந்த வாத்தியாரின் வேலையை மொபைல் கடைப் பையன் பார்க்கிறான். அவன் மாதம் ஜனவரி, தேதி ஒன்று.

இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தது இதைத்தான். 12 வயதுப் பையனை அந்த விளையாட்டு 45 வயது அம்மாளாகத்தான் பார்த்தது. 45 வயது அம்மாள் எண்பது ரூபாய்க்கு ஏதாவது வாங்கினால் யார் தடுப்பார்கள்? நள்ளிரவில் முகம் தெரியாத நாலு பேரோடு மைக்கில் பேசினால் யார் கேட்பார்கள்? பிள்ளைகளுக்கென்று போடப்படும் வேலி எல்லாம் ஒரே முளையில் கட்டியிருக்கிறது. அது, பிறந்த தேதி. அந்த முளையை முதல் நாளே பிடுங்கிப் போட்டவர்கள் நாம்தான்.

உதாரணத்துக்கு, பப்ஜி விளையாட்டை நம் நாட்டில் 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள். மறு வருஷம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, 2022இல் அதையும் எடுத்தார்கள், 2023 மே மாதம் திரும்பி வந்தது. வரும்போது, 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு மணி நேரம் என்று வரம்பு வைத்துக்கொண்டு வந்தது. மூன்றே அதிகம் என்பது என் கருத்து. அது போகட்டும். அப்பா கணக்கில் ஆடுகிற பிள்ளைக்குக் கிடைப்பது ஆறு.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. சீனாவில் 2021இல், 18 வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டும் ஆடலாம் என்று விதியே போட்டார்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டி அடையாள எண்ணைக் கொடுத்து ஆடினார்கள். டென்சென்ட் நிறுவனம் ராத்திரியில் ஆடுகிற 'பெரியவர்கள்' முகத்தைக் காட்டவேண்டும் என்று வைத்தது. தென்கொரியாவில் நடுநிசி முதல் காலை ஆறு வரை 16 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கதவடைத்தார்கள். அங்கேயும் அப்பா அம்மா எண்தான் கைகொடுத்தது. பத்து வருஷம் பார்த்துவிட்டு 2021இல் அந்தச் சட்டத்தையே கைவிட்டார்கள். கடைசியாக ரோப்லாக்ஸ் விளையாட்டு. சாட் வேண்டுமென்றால் கேமராவில் முகத்தைக் காட்டி வயதை நிரூபிக்கவேண்டும் என்று 2026 ஜனவரியில் கொண்டுவந்தது. பிள்ளைக்கு உதவுகிறோம் என்று நினைத்துப் பெற்றோரே தங்கள் முகத்தைக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் பெரியவர்கள் பட்டியலில் போய் விழுந்தார்கள்.

"ஆன்லைன் விளையாட்டைத்தான் தடை பண்ணிட்டாங்களே?" என்று சமீபத்தில் ஒரு வாசகி தொலைபேசியில் கேட்டார். பாதி சரி. பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் ஆட்டங்களுக்குத்தான் அந்தத் தடை. தமிழ்நாடு 2022இலேயே சட்டம் இயற்றி, ஓர் ஆணையமும் அமைத்தது. 2025 பிப்ரவரியில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை யாருக்கும் இல்லை, ஆதார் கட்டாயம் என்று விதிகள் வந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் பணம் வைத்து ஆடுவதையே தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ரம்மியிலும் ஃபேன்டசி கிரிக்கெட்டிலும் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் நம் பிள்ளைகள் சுட்டுக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கும் ஆட்டங்கள் அதில் வராது. அங்கே பணம் ஜெயிக்க வழியில்லை, செலவழிக்க மட்டும்தான் வழி.

அந்தச் செலவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ரூபாயாகக் கேட்டால் பிள்ளையே யோசிப்பான். அதனால் முதலில் ரூபாயை டைமண்டாகவோ யூசியாகவோ ரோபக்ஸாகவோ மாற்றிவிடுகிறார்கள். பொருட்காட்சியில் டோக்கன் வாங்கிய கை எப்படித் தாராளமாக ராட்டினத்துக்கு நீளுமோ, அப்படித்தான். அடுத்தது பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, திறந்தால் தெரியும். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் பரிசு அட்டை தொங்கும். பத்து பைசா கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால் ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு பொம்மை. பெரும்பாலும் வருவது ஒரு மிட்டாய். பெரிய பொம்மை கடைசிவரை அட்டையின் உச்சியிலேயே தொங்கும். அதே அட்டைதான் இது. 2003இல் லாட்டரியை ஒழித்த மாநிலத்தில், பிள்ளைகள் கையில் மட்டும் சீட்டு கிழிந்துகொண்டே இருக்கிறது. பெல்ஜியம் 2018இலேயே இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது.

"எதுக்குடா இவ்வளவும்?" என்று மருமகனிடம் கேட்டேன். திரையில் ஓர் உருவத்தைக் காட்டினான். நீலச் சட்டை, தோளில் ஏதோ நெருப்பு. "இது இல்லேன்னா நூப்னு சொல்வாங்க அத்தை. ஸ்குவாடுல சேர்த்துக்க மாட்டாங்க." இனாமாக வரும் சட்டையோடு ஆடுகிறவன் கத்துக்குட்டி என்று கேலிக்கு ஆளாகிறானாம். தீபாவளிக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் வண்ண உடையில் வரலாம் என்று சொல்வார்களே, அன்று பழைய சீருடையிலேயே வந்த பிள்ளை ஞாபகத்துக்கு வந்தது. அவன் செய்தது தப்பு. ஆனால் அந்த ஆசை எனக்குப் புரியாத ஆசை இல்லை.

பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. ஃபோர்ட்நைட் விளையாட்டின் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி டாலர், குழப்பமான பொத்தான்களை வைத்து வேண்டாததை வாங்க வைத்ததற்காகவும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளிடம் காசு பார்த்ததற்காகவும் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். மீதி, பிள்ளைகளின் அந்தரங்கத் தகவல் பற்றிய வழக்கில் கட்டிய அபராதம். அந்நியரோடு பேசும் வசதியைப் பிள்ளைகளுக்கும் முதலிலிருந்தே திறந்து வைத்திருந்தது என்பதும் அந்த நிறுவனத்தின்மேல் இருந்த புகார்.

பணம் போனால் போகட்டும், அந்த அந்நியர்தான் எனக்குப் பெரிய பயம். யாரோ ஒருவர் ஸ்குவாடில் சேர்கிறார். நன்றாக ஆடுகிறார், பிள்ளையைக் காப்பாற்றுகிறார், ஸ்கின் என்கிற உடை ஒன்றைப் பரிசாக அனுப்புகிறார். அப்புறம் "வாட்ஸ்அப் நம்பர் குடு, அங்க பேசலாம்." அப்புறம் ஒரு போட்டோ. 'இலவச டைமண்ட்' என்று வருகிற இணைப்பும், 'உன் ஐடியை நல்ல விலைக்கு வாங்கிக்கறேன்' என்று வருகிற செய்தியும் இதே குடும்பம்தான். விளையாட்டுக்குள் பேசுவதை விட்டு வேறொரு செயலிக்கு யாராவது கூப்பிட்டால் உடனே எங்களிடம் சொல் என்ற ஒன்றைப் பிள்ளை மனசில் பதியவைத்தால் போதும், பாதி கிணறு தாண்டிவிடலாம்.

என் தோழி மகள் ஒருத்தி, ப்ளஸ் ஒன் படிக்கிறாள். ரேங்கில் பையன்களையெல்லாம் ஓரங்கட்டுகிறவள். ஆனால் ஆடுவது ஓர் ஆண் பெயரில். மைக்கைத் திறக்கவே மாட்டாள். "பொண்ணு குரல் கேட்டா கேமை விட்டுட்டு என்கிட்ட பேச ஆரம்பிச்சிடுவாங்க ஆன்ட்டி" என்றாள், சாதாரணமாக. பொய் அடையாளத்தைக் குறை சொல்லி இவ்வளவு எழுதிய எனக்கு, அவளிடம் சொல்ல ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. அவள் அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியும் என்பது மட்டும் நிம்மதியாக இருந்தது.

சரி, தம்பி வீட்டுக்கு வருகிறேன். கூகுள் பிளேயில் வாங்கியதை 48 மணி நேரத்துக்குள் திருப்பிக் கேட்க வழி உண்டு. அதற்குப் பிறகு விளையாட்டு நிறுவனத்திடம்தான் போய் நிற்கவேண்டும். கடைசி இரண்டு எண்பது ரூபாய் மட்டும் திரும்பி வந்தது. பின் நம்பரை அன்றைக்கே மாற்றினாள் தம்பி மனைவி. பிளே ஸ்டோரின் அமைப்புகளுக்குள் போய், எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்தோம். ஃபேமிலி லிங்க் என்ற செயலி வழியாகப் பையனுக்கு அவன் பெயரில், அவன் நிஜப் பிறந்த தேதியில் ஒரு கணக்குத் திறந்தோம். அந்தக் கணக்கில் எதையாவது வாங்க அழுத்தினால் அம்மாவிடம் அனுமதி கேட்கும். ஐபோனிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் ஆனது. எங்கே எது இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவனேதான்.

தம்பிக்கு முதலில் போனைப் பிடுங்கி வைத்துவிடவேண்டும் என்றுதான் கோபம். நான் தடுத்தேன். பிடுங்கினால் பக்கத்து வீட்டுப் போனில், இன்னொரு ஜனவரி ஒன்றாம் தேதியில் ஆடுவான். விடுமுறையில் ஆடியதற்கே 'அடிமை' என்று பட்டம் கட்டவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாறு என்று சொல்வது, படிப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் கெட்டும் நிறுத்தமுடியாமல் ஏறக்குறைய ஒரு வருஷம் நீடிக்கிற நிலையை. அப்படி உங்கள் வீட்டில் இருந்தால் தயங்காமல் டெலி மானஸ் 14416 எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். பணம் ஏமாந்திருந்தால் 1930, பிள்ளையை யாராவது மிரட்டினால் 1098. இந்த மூன்றையும் காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

மருமகன் இப்போதும் ஆடுகிறான். மாதம் நூறு ரூபாய் அவனுக்கென்று தம்பி கொடுக்கிறான், டைமண்டோ பரோட்டாவோ அவன் இஷ்டம். சென்ற மாதம் பரோட்டா என்று கேள்வி.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "நீ அங்க என்ன பேர்ல ஆடற? உனக்கு அங்க என்ன வயசு?" என்று கேளுங்கள். அதட்டலாக வேண்டாம், கதை கேட்பதுபோல. கிடைத்த பதிலை எங்களுக்கு எழுதுங்கள். பிள்ளைகளே எழுதினால் இன்னும் நல்லது. அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்