மூச்சுக்கென ஒரு பங்கு

 

முதுகை நிமிர்த்தி நிற்கச் சில கவளங்களே மனிதனுக்குப் போதும் என்றும், அதற்கு மேலும் உண்டே தீரவேண்டுமெனில் வயிற்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விட வேண்டும் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாகத் திர்மிதீயில் காண்கிறோம். இதனை நாம் மதரஸாவில் கற்பித்தபோது ஒரு மாணவன், “ஹஜ்ரத், மூச்சு நுரையீரலுக்குத்தானே போகிறது? வயிற்றில் அதற்கு எதற்கு இடம்?” என்று வினவினான். நல்ல வினா.

நம் உடலின் நடுப்பகுதியை அல்லாஹ் இரு அறைகளாக அமைத்துள்ளான். மேலே மார்பறை, அதில் இதயமும் அதன் இருபுறமும் நுரையீரல்களும் உள்ளன. கீழே வயிற்றறை, அதில் இரைப்பை, கல்லீரல், மண்ணீரல், கணையம், குடல்கள் ஆகியன உள்ளன. இரண்டிற்கும் இடையே கவிகை போல விரிந்திருக்கும் தசையே உதரவிதானம். நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது அது கீழிறங்குகிறது; மார்பறை விரிகிறது; நுரையீரலில் காற்று நிறைகிறது. அத்தசையின் இடப்புறத்திற்குச் சற்றுக் கீழேதான் இரைப்பை இருக்கிறது. வெறுமையாக இருக்கையில் சுருங்கிக் கிடக்கும் அது, உண்ணும்போது சுமார் 1 லிட்டர் அளவுக்கும் விரியக்கூடியது. அதனை நிரப்பிவிட்டால் உதரவிதானம் இறங்க இடமேது?

இப்போது நம் நோன்பு துறப்பை எண்ணிப் பார்ப்போம். கஞ்சி, வடை, சமோசா, பின்னர் பிரியாணி. பகலெல்லாம் அடக்கிய வயிற்றை ஒரு மணி நேரத்தில் திணித்துவிட்டுத் தராவீஹில் நிற்கிறோம். ருகூவில் மூச்சு முட்டுகிறது. ஸுஜூதில் தலை தாழும்போது நெஞ்செரிச்சல் மேலேறுகிறது. தொழுகை நீளமென்று குறைகூறுகிறோம். குறை இமாமின் ஓதலில் இல்லை, நம் தட்டில் உள்ளது.

அறிவியல் ஒப்புகிறது என்பதற்காக நாம் நபிமொழியை ஏற்பதில்லை. அல்லாஹ்வின் தூதர் மொழிந்தார்கள் என்பதே நமக்குப் போதும். ஆயினும், தன் உடலின் அமைப்பை அறிந்த பிள்ளை அந்த அறிவுரையை எளிதில் மறவாது. ஆகவே உண்ணும் துஆவைக் கற்பிக்கும் நாம், அந்த உணவு சென்று தங்கும் இடத்தையும் கற்பிப்போம். விருந்தினரின் தட்டில் வற்புறுத்திக் குவிப்பதே உபசரிப்பு என்னும் வழக்கத்தையும் கைவிடுவோம்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பேணி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.