கோயில் கார் பார்க்குக்காகக் கார் வாங்காதீர்கள்

லண்டனில் எங்கள் சனத்திடம் எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது. வேலை கிடைத்தால் கார் வாங்க வேண்டும். கார் என்றால் புதுசு. புதுசு என்றால் ஜெர்மன் கார். பதினைந்து வருசப் பழைய யாரிஸில் தேர்த்திருவிழாவுக்குப் போய் இறங்கினால், "என்ன தம்பி, வேலை ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று ஒரு மாமா கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் 22, 23 வயதில் எங்களில் பலர் நாலு வருசக் கடனில் கையெழுத்து வைக்கிறோம்.

நான் சொல்வது இதுதான்: மாமா கேட்டுவிட்டுப் போகட்டும். பழைய காரை வாங்குங்கள். திருத்தி ஓடுங்கள்.

முதலில் அந்தக் கடனைப் பார்ப்போம். பி.சி.பி. என்று சொல்லித் தருவார்கள். மாதம் 250 பவுண் என்று வைத்துக்கொள்வோம். 48 மாதத்தில் 12,000 பவுண். அதற்கு முன்னாலேயே ஒரு முற்பணம் கட்டியிருப்பீர்கள். இவ்வளவும் கட்டி முடித்த பிறகும் கார் உங்களுடையது இல்லை. சொந்தமாக்க வேண்டும் என்றால் கடைசியில் ஒரு பெரிய தொகை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் சொன்ன மைலுக்கு மேலே ஓடியிருந்தால் அதற்கும் காசு, பெரிய கீறல் இருந்தால் அதற்கும் காசு. கார் பார்க்கில் எல்லாரும் பார்க்கிற அந்தக் காருக்கு நீங்கள் சொந்தக்காரர் இல்லை, வாடகைக்காரர்.

கடனுக்கு வட்டி எப்படிப் போட்டார்கள் என்பது இன்னொரு கதை. வட்டியைக் கூட்டக் கூட்ட விற்பவருக்குத் தரகுக் காசு கூடுகிற ஒரு முறை இந்த நாட்டில் பல வருசம் நடந்தது. நிதித்துறையைக் கண்காணிக்கும் எப்.சி.ஏ. அதை 2021 ஜனவரியில்தான் தடை செய்தது. சிரித்துக்கொண்டு கோப்பி தந்தவர் யாருக்காக வேலை செய்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய கார் வெட்கம் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தது? யாழ்ப்பாணத்துக்குப் போனவர்கள் அங்கே ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் இங்கிலாந்தில் செய்தவை. இங்கிலாந்து அவற்றை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டது. யாழ்ப்பாணம் ஓட்டிக்கொண்டே இருந்தது. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. கார்புரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அது யுத்தம், அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தக் கஷ்டத்தை அழகாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் திருத்தித் திருத்தி ஓடிய அந்தச் சனத்தின் பிள்ளைகளுக்கு, திருத்துவது எப்போது மானக்கேடாக மாறியது? இங்கே வந்த அப்பாமாரிலும் பலர் பெற்றோல் ஸ்ரேசன் இரவு வேலைக்குப் பழைய காரில்தான் போய் வந்தார்கள்.

ஆனால் விலை குறைவு என்பதற்காக மட்டும் கண்டதையும் வாங்குவதும் அதே அளவு முட்டாள்தனம்தான்.

லண்டனில் முதல் கேள்வி யூலெஸ். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதிகளும் அதற்குள் வந்துவிட்டன. தரத்துக்குக் குறைந்த காரை ஓட்டினால் ஒரு நாளைக்கு 12.50 பவுண். வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போனால் வருசத்துக்கு 3,250 பவுண். ஆயிரம் பவுணுக்கு வாங்கிய கார் அங்கேயே உங்களை முடித்துவிடும். பொதுவாக 2006க்குப் பிறகு பதிவான பெற்றோல் கார் தப்பும். டீசல் என்றால் 2015 செப்ரெம்பருக்குப் பிறகு பதிவாகியிருக்க வேண்டும். வாங்க முதல் நம்பரைப் போட்டு டி.எப்.எல். தளத்தில் பாருங்கள்.

இரண்டாவது, எம்.ஓ.ரி. வரலாறு. நம்பர் இருந்தால் அரசின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எப்போது பெயில் ஆனது, எதற்காக, எத்தனை மைல் ஓடியிருக்கிறது, எதைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள், எல்லாம் இருக்கும். மூன்று வருசமாக ஒரே துருவை எழுதி எழுதி யாரும் திருத்தவில்லை என்றால், விற்பவரின் குணம் தெரிந்துவிடும். ஆனால் எம்.ஓ.ரி. எஞ்சின், கிளச், கியர்பொக்ஸ் எந்த நிலையில் இருக்கின்றன என்று சோதிப்பதில்லை. அதற்கு நம்பகமான ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

மூன்றாவது, யாரிடம் வாங்குகிறீர்கள்? வியாபாரியிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். குறையுள்ள காரை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். 'பார்த்தபடி விற்றது' என்று அவர் பில்லில் எழுதினாலும் அந்த உரிமை போகாது. தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. "தெரிந்த ஆள்தானே" என்பது உத்தரவாதம் இல்லை.

நான்காவது, கையில் உள்ள காசு முழுவதையும் காருக்குப் போடாதீர்கள். 2,500 இருந்தால் 1,500க்கு வாங்குங்கள். மிச்சம் ரயருக்கும் பிரேக்குக்கும் பற்றரிக்கும். பழைய கார் செலவு வைக்கும். அதை முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள்.

காப்புறுதி பழைய காருக்கும் இளையவர்களுக்குக் கொள்ளை விலைதான். அதற்காக, நீங்கள் தினமும் ஓடும் காருக்கு அப்பாவைப் பிரதான ஓட்டுநராகப் போடாதீர்கள். எங்கள் வீடுகளில் இதைக் கெட்டித்தனம் என்கிறார்கள். சட்டம் இதை மோசடி என்கிறது. பிடிபட்டால் காப்புறுதியே செல்லாமல் போகலாம். காப்புறுதி இல்லாமல் ஓடினால் குறைந்தது 6 புள்ளி. லைசென்ஸ் எடுத்து இரண்டு வருசத்துக்குள் 6 புள்ளி வந்தால் லைசென்ஸ் போய்விடும். திரும்ப எல் போட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பெற்றோர் சொல்லும் ஒரே ஒரு மறுப்பை மட்டும் நான் மதிக்கிறேன்: பாதுகாப்பு. புதிய கார்களில் பாதுகாப்பு வசதிகள் கூட. அது உண்மை. அதனால் வழுக்கும்போது காரைப் பிடித்து நிறுத்தும் இ.எஸ்.சி. இருக்கிற பழைய காராகத் தேடுங்கள். பளபளப்புக்குக் கொடுக்கிற காசை நல்ல ரயருக்குக் கொடுங்கள்.

இதை வாசித்து முடித்ததும் வீட்டில் அம்மா அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளையின் கடனுக்கு முற்பணம் கட்டுவதற்கு வைத்திருக்கும் காசை, பிள்ளையின் பழைய காரைத் திருத்துவதற்குக் கொடுங்கள். நாலு வருசத்துக்குப் பிறகு வீடு வாங்க முற்பணம் சேர்க்க வேண்டிவரும். அப்போது கார் பார்க்கில் நின்று பார்த்த ஒருவரும் காசு கொண்டுவந்து தரப்போவதில்லை.