கோலமாவும் 900 கிலோவும்

திரைப்படவியல் என் துறையன்று. கொல்கத்தாவில் பழைய வணிக ஆவணங்களோடு பொழுதைக் கழிக்கும் ஓர் ஆய்வாளன் ஓய்வு நாள்களில் படம் பார்த்துச் சேர்த்துக்கொண்ட கருத்து இது. அந்த அளவிலேயே கொள்க. போதைப்பொருள் கடத்தலைக் களமாகக் கொண்ட அண்மைக்காலத் தமிழ்ப் படங்களுள் அவ்வணிகத்தை வணிகமாகவே காட்டியது ‘கைதி’யும் அன்று, ‘விக்ரம்’ என்பதும் அன்று. 2018இல் நெல்சன் இயக்கிய ‘கோலமாவு கோகிலா’தான். நகைச்சுவைப் படம் என்று பலர் ஒதுக்கிவிட்ட படம்.

‘கைதி’யை (2019) நான் மிகவும் ரசித்தேன், அதை மறைப்பானேன்? ஒரே இரவில், பாடலின்றி, மயங்கிக் கிடக்கும் காவலதிகாரிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு விரையும் கதை. ஆனால் அந்த 900 கிலோ கொக்கெய்ன் எங்கிருந்து வந்தது, யார் வாங்கவிருந்தார், பொட்டலம் விற்கும் பையனுக்கு என்ன கூலி? அந்த அறையில் தங்கக் கட்டிகளை அடுக்கியிருந்தாலும் கதையில் ஒரு காட்சிகூட மாறியிராது. ‘விக்ரம்’ (2022) படத்திலோ வில்லன் எதையோ வாயில் போட்டுக் கடித்தவுடன் புத்துயிர் பெற்று எழுகிறான். அம்புலிமாமாக் கதை மூலிகைக்கும் அதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

கோகிலாவின் கதை மருத்துவமனைச் செலவில் தொடங்குகிறது. தாய்க்குப் புற்றுநோய், தந்தையின் சம்பளம் போதாது, வீட்டில் ஒரு தங்கை. அவள் சரக்கைத் தொடுவது கடன் வாங்க வழியில்லாமல். நயன்தாரா குரலை உயர்த்தாமல், தலை குனிந்தபடியே நடித்திருப்பது வெறும் பாணியன்று. சந்தேகத்துக்கு இடமளிக்காத முகம்தான் இத்தொழிலில் ‘குருவி’யாகப் பறப்பவரின் மூலதனம். வாசற்படியில் நாள்தோறும் பெண் கையாளும் வெள்ளைப் பொடியின் பெயரைப் படத்துக்குச் சூட்டியதிலும் ஒரு கூர்மை உண்டு.

இந்நகரத்தின் பழங்கணக்கைப் படிப்பவனுக்கு இது எளிதில் விளங்கும். 1773இல் வங்காள அபினி வணிகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. உழவருக்கு முன்பணம் கொடுத்துப் பயிரிடச் செய்தது. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் உருட்டிப் பெட்டிக்கு 40 உருண்டையாக அடுக்கியது. கல்கத்தாவில் ஏலம் விட்டது. சீனப் பேரரசு தடைசெய்திருந்ததால் கம்பெனி தன் கப்பலில் ஏற்றவில்லை. ஏலத்தில் எடுத்த தனி வணிகர் கொண்டுசென்றனர். கடத்தல் அவர்களுடையது, வருவாய் கம்பெனியுடையது! துவாரகநாத் தாகூர் சுங்கம், உப்பு, அபினி வாரியத்தின் திவானாக இருந்தவர். பின்னர் அபினிக் கப்பல்களிலும் பங்கு கொண்டவர். அவருடைய பேரன் ரவீந்திரநாதர் 1881இல், தம் 20ஆம் வயதில், சீனத்தில் நடந்த இந்த மரண வணிகத்தைக் கண்டித்து ‘பாரதி’ இதழில் கட்டுரை எழுதினார். இந்தக் கணக்கு முழுவதிலும் துப்பாக்கி பிற்பாடுதான் வருகிறது. முன்பணமும் தராசும் ஏலச் சுத்தியலுமே முன்னால் நிற்கின்றன.

நம் சட்டமும் தராசையே நம்புகிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கொக்கெய்னுக்கு 100 கிராமே ‘வணிக அளவு’. அதற்கு மேற்பட்டதை வைத்திருந்தவருக்கு 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல். பிணை கிடைப்பதும் அரிது. இலாபத்தில் அவர் பங்கு எவ்வளவு என்று எடைக்கல் கேட்பதில்லை. முதலாளியும் குருவியும் அதற்கு ஒன்றே.

‘வெகுசனப் படத்திடம் பொருளாதாரப் பாடம் கேட்கலாமா?’ என்று மாணவ நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கவில்லை. கருத்தரங்குகளில் லோகேஷ் கனகராஜின் ‘பிரபஞ்சம்’ பெறும் கவனத்தில் கால்பங்காவது கோகிலா பெறட்டும் என்றே சொல்கிறேன். அப்படத்திலும் எனக்குக் குறை உண்டு. எதிரிகளையெல்லாம் தந்திரத்தால் தீர்த்துக்கட்டிவிட்டு அவள் குடும்பத்தோடு தப்பித்துவிடுகிறாள். திரையரங்கு சிரித்துக் கலைகிறது. சோதனைச் சாவடியில் அந்த வேன் பிடிபட்டிருந்தால் சிறையில் அவளுக்கு முன்னரே அடைபட்டிருக்கும் குருவிகளை நாம் பார்த்திருப்போம். அந்தப் படத்தை யாரேனும் எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு என் சீட்டை இப்போதே எடுத்து வைக்கச் சொல்வேன்.