மதில் எழுப்பினால் மட்டும் போதுமா?

ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பூட்டிக்கிடந்த கார் இறக்குமதிக் கதவை 2025 பெப்ரவரியில் அரசு திறந்தது. உடனே வரி மதிலையும் எழுப்பிற்று. மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாற்று வலுவை அளந்து தீர்வை அறவிடப்படுகிறது. அவ்வலுவைப் பற்றிய ஐயத்தாலேயே சீனாவின் பி.வை.டி. கார்கள் அவ்வாண்டு சுங்கத்தில் தடுக்கப்பட்டு, விவகாரம் நீதிமன்றம் ஏறியது.

வரியை நாம் எதிர்க்கவில்லை. அந்நியச் செலாவணி வற்றிய 2022 இன் அல்லலை மறந்தோமல்லோம். ஆனால், மதிலால் நாடு பெற்ற தொழில் யாது?

தாய்லாந்தைப் பாருங்கள்! சலுகையுடன் இறக்கிய கார்களுக்கு ஈடாக உள்நாட்டிலேயே கார் செய்க என நிபந்தனை விதித்தது. 2024 யூலையில் ராயொங் மாகாணத்தில் அதே கம்பனியின் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

நமது சந்தை சிறிதென்பர். உண்மையே. ஆயின் மின்சாரப் பஸ்ஸையும் முச்சக்கர வண்டியையும் இங்கே பொருத்துவோர்க்குச் சலுகை அளிக்கலாகாதா? அச்சலுகையை நிபந்தனையோடு சட்டத்தில் எழுதுக, பல்லாண்டுக்கு முன்னறிவிக்குக. வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறும் வரியை நம்பி எவன் முதலிடுவான்?

செல்வன் மதிலேறிக் கடப்பான். சாவகச்சேரிச் சந்தைக்குப் பலாப்பழம் ஏற்றிவரும் தென்மராட்சி உழவன் எவ்வாறு கடப்பான்? அரசு விடை கூறட்டும்!